சின்ன வயதில் எனக்கு ஒரு ப…

நெருங்கிய நண்பரின் மகள் வடிவமைப்புக் கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். வித்தியாசமாக இருப்பவர்களைச் சமூகம் எப்படி நடத்துகிறது என்பதுதான் அவளுடைய இறுதி புராஜெக்ட். சில மாதங்களுக்கு முன் வீட்டுக்கு வந்தவள், சுற்றி வளைக்காமல் கேட்டாள்: "மாமா, எனக்கு உங்கள் குரல் வேண்டும்."

எனக்குத் திக்குவாய். வயது 46. இத்தனை வருடங்களில் என் குரலைத் தேடி யாரும் வந்ததில்லை. அதனால் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். என்ன செய்யப்போகிறாள் என்று அப்புறம்தான் கேட்டேன்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெரியவர்களில் ஏறக்குறைய 100 பேருக்கு ஒருவர் திக்கிப் பேசுகிறோம். குழந்தைகளில் 100-க்கு 5 பேர் ஏதோ ஒரு கட்டத்தில் திக்குவார்கள், பெரும்பாலானவர்களுக்கு வளர வளரச் சரியாகிவிடும். சரியாகாமல் நின்றுவிட்டவர்களில் ஆண்கள்தான் அதிகம், பெண்களைவிடச் சுமார் 4 மடங்கு. இது பயத்தால் வருவதில்லை, நாக்குத் தடித்திருப்பதாலும் வருவதில்லை. பேச்சை நேரம் தவறாமல் நடத்த வேண்டிய மூளைப் பகுதிகளின் இணைப்பில் இருக்கும் வேறுபாடு இது, மரபணுவுக்கும் பெரிய பங்கு உண்டு. ஆனால் நாலு பேரோடு சேர்ந்து பாடினால் எங்களுக்குத் திக்காது. அறையில் தனியாகப் பேசிக்கொள்ளும்போதும் அநேகமாகத் திக்காது. எதிரே ஒருவர் காத்திருக்கும்போதுதான் வார்த்தை கதவைச் சாத்திக்கொள்கிறது.

அவளுடைய முதல் யோசனை எனக்குப் பிடிக்கவில்லை. பார்வையாளர்கள் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச வேண்டும். அவர்கள் குரலே 0.2 விநாடி தாமதமாக அவர்கள் காதில் விழும். இப்படிச் செய்தால் சரளமாகப் பேசுகிறவர்களுக்கும் நாக்குத் தடுமாறும். 1950 வாக்கிலேயே கண்டறிந்த விஷயம் இது. "இரண்டு நிமிஷம் உங்களைப் போலவே ஆகிவிடுவார்கள் மாமா" என்றாள். முகம் பூரித்திருந்தது.

நான் மறுத்தேன். இரண்டு நிமிடத்தில் என்ன ஆவார்கள்? முதலில் சிரிப்பார்கள். பக்கத்தில் நிற்கிற நண்பனைக் கூப்பிட்டு வீடியோ எடுக்கச் சொல்வார்கள். கழற்றி வைத்துவிட்டு, "பாவம், எவ்வளவு கஷ்டம்!" என்று சொல்லிக்கொண்டே அடுத்த அரங்குக்குப் போவார்கள். திடீரென்று நாக்குத் தடுமாறுகிறவருக்குத் தடுமாற்றம் மட்டும்தான் தெரியும். 40 வருடம் திக்கிக்கொண்டே படித்து, வேலை பார்த்து, காதலைச் சொல்லி, பிள்ளை வளர்த்தவனுக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? 2014-இல் வெளிவந்த ஓர் ஆய்வைப் பற்றி அவளிடம் சொன்னேன். கண்ணைக் கட்டிக்கொண்டு சில வேலைகளைச் செய்து பார்த்தவர்கள், அதன் பிறகு பார்வையற்றவர்களின் திறமையை முன்பைவிடக் குறைவாக எடைபோட்டார்கள். இவர்களால் வேலைக்குப் போக முடியுமா, தனியாக வாழ முடியுமா என்ற சந்தேகம்தான் கூடியது. ஆய்வைத் தலைமையேற்று நடத்திய ஏரியல் சில்வர்மன் பார்வையற்றவர்.

அவளும் லேசில் விடவில்லை. "பாட்ரிசியா மூர் செய்யவில்லையா?" என்றாள். அவள் துறையில் அது பெரிய பெயர். 1979-இல், 26 வயதில், மூர் 80 வயதைக் கடந்த பாட்டியாக வேஷம் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினார். காதை அடைத்துக்கொண்டார், மங்கலான கண்ணாடி போட்டுக்கொண்டார், மூட்டுகள் மடங்காதபடி கட்டுப்போட்டுக்கொண்டார். 1982 வரை அமெரிக்காவிலும் கனடாவிலுமாக 116 நகரங்களுக்குப் போனார். ஒரு தடவை கும்பலிடம் மாட்டி அடியும் வாங்கினார்.

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது நியாயமான உதாரணம்தான். ஆனால் மூர் பார்த்தது தன் முழங்கால் வலியை மட்டும் இல்லையே. தெருவில் போகிறவர்கள் ஒரு பாட்டியை எப்படிப் பார்க்கிறார்கள், எப்படிப் பார்க்காமலே கடந்துபோகிறார்கள் என்பதை மூன்று வருடம் வாங்கிக்கொண்டார். "நீ என்னை ஆராயாதே. என் எதிரே நிற்கிறவரை ஆராய்" என்றேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் பிடித்தது. அவள் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்ததாம், பிற்பாடு சொன்னாள்.

இரண்டு வாரம் கழித்து வந்து விளக்கினாள். ஒரு மேஜை, அதன்மேல் பழைய கறுப்புத் தொலைபேசி. பக்கத்தில் ஒரு சிவப்பு பட்டன், அதன் கீழே "உதவ அழுத்தவும்" என்று இரண்டே சொற்கள். ரிசீவரை எடுத்தால் என் குரல் கேட்கும்: "சின்ன வயதில் எனக்கு ஒரு ப… ப… ப…" அங்கே நின்றுவிடும். காத்திருந்தால் வார்த்தை வரும். பட்டம். சின்ன வயதில் எனக்கு ஒரு பட்டம் இருந்தது. அக்கா செய்து கொடுத்த பட்டம், வாலுக்கு அவளுடைய பழைய ரிப்பன். அதன் கதை மூன்று நிமிடத்துக்குத் தொடரும், வழியெல்லாம் திக்கிக்கொண்டேதான்.

பட்டனை அழுத்தினால் வேறொரு குரல், தெளிவான, சரளமான குரல், என் வாக்கியத்தை முடித்துவைக்கும். "சின்ன வயதில் எனக்கு ஒரு பயம் இருந்தது." அல்லது "ஒரு பழக்கம் இருந்தது." அல்லது "ஒரு பட்டப்பெயர் இருந்தது." மூன்றில் ஏதாவது ஒன்று. அத்தோடு இணைப்பு துண்டிக்கப்படும். அது தவறான வார்த்தை என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

ஒலிப்பதிவு நாளை மறக்க முடியாது. 'ப' எனக்கு எப்போதுமே எதிரி. என் பெயரே ப-வில்தான் தொடங்குகிறது. வேறு எந்த வார்த்தைக்கும் மாற்று வார்த்தை தேடிக்கொள்ளலாம், பெயருக்கு எங்கே போவது? உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். பின்னால் காற்று முட்டிக்கொண்டு நிற்கும். தாடை இறுகும், ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும். எதிரே இருப்பவர்கள் அநேகமாக அந்த நேரத்தில் பார்வையைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் திருப்பவில்லை. பதிவை அப்புறம் அளந்து பார்த்துச் சொன்னாள், 11 விநாடி. எனக்கு அரைநாள் போல இருந்தது. கொஞ்சம் வெட்டிக் குறைத்துக்கொள்ளலாமே என்று நானே கேட்டேன். "முழுசாக இருக்கட்டும் மாமா" என்றாள்.

கண்காட்சியின் முதல் நாள் போயிருந்தேன். என்னை யாருக்கும் தெரியாது, ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் ரிசீவரை எடுத்தார், நாலைந்து விநாடிகூட ஆகியிருக்காது, பட்டனை அழுத்தினார். பயம் என்ற வார்த்தை அவருக்குக் கிடைத்திருக்க வேண்டும். புரிந்தது என்பதுபோல மெல்லத் தலையை ஆட்டினார், ரிசீவரைப் பத்திரமாக வைத்தார், போய்விட்டார். அவருக்குச் சந்தேகமே வரவில்லை. திக்குகிறவனுக்குச் சின்ன வயதில் பயம்தானே இருந்திருக்கும்!

எனக்கு நெஞ்சை அடைத்தது அந்தத் தலையாட்டல்தான். கேலி செய்தவர்களை வாழ்க்கையில் நிறையப் பார்த்தாயிற்று, அவர்களை எப்படிக் கையாள்வது என்பதும் தெரியும். ஆனால் நான் வாயைத் திறப்பதற்கு முன்பே என் வாக்கியத்தைத் தயாராக வைத்திருக்கிறவரோடு என்ன செய்வது? அவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, அதனால் சண்டையும் போட முடியாது. இப்படித்தான் துணிக்கடையில் "ப…" என்று தொடங்கி நிற்பேன், கடைக்காரர் அன்பாக "பழுப்பா?" என்பார், தலையை ஆட்டிவிடுவேன். பச்சை கேட்கப் போய்ப் பழுப்புச் சட்டையோடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். சட்டை போகட்டும். வேலையில், மருத்துவரிடம், உறவுகளில், எத்தனை விஷயங்களுக்கு மற்றவர்கள் எடுத்துக்கொடுத்த வார்த்தைக்கே தலையாட்டியிருக்கிறேன் என்று கணக்குப் பார்த்தால் அன்றிரவு தூக்கம் வராது.

வயதான அம்மா ஒருவர் நிறைய நேரம் காத்திருந்தார். முகத்தில் வேதனை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அழுத்திவிட்டார். கண் கலங்கியிருந்தது. "எவ்வளவு நேரம்தான் அந்தப் பிள்ளை கஷ்டப்படும்" என்று கூட வந்தவரிடம் சொன்னார். அவர் மேல் எனக்குத் துளியும் கோபம் இல்லை. ஆனால் அவர் அழுத்தியது யாருடைய கஷ்டம் தீர? கேட்டுக்கொண்டிருந்த தன் கஷ்டம் தீரத்தானே?

இதில் நம் இயல்பும் கலந்திருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். உரையாடலில் ஒருவர் நிறுத்தியதற்கும் அடுத்தவர் தொடங்குவதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விழுகிறது என்று 10 மொழிகளை வைத்து ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டிருக்கிறார்கள். மொழிக்கு மொழி சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு. ஆனால் எல்லா மொழியிலும் அது ஒரு விநாடியில் சிறு பங்குதான், சுமார் 0.2 விநாடியை ஒட்டியே நிற்கிறது. மனிதக் காது அவ்வளவு அவசரத்துக்குப் பழகியிருக்கிறது. அதன் முன்னால் என் 11 விநாடி ஒரு பள்ளத்தாக்கு. அவசரம் இயல்பாக வருகிறது, சரி. அந்த அவசரத்தில் எந்த வார்த்தையைப் போட்டு நிரப்புகிறோம் என்பது இயல்பால் வருவதில்லை. "பயம்" என்ற வார்த்தையை யாரோ நமக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் குறைந்ததும் நானே போய் ரிசீவரை எடுத்தேன். என் குரலை நான் விரும்பிக் கேட்டதே இல்லை. "சின்ன வயதில் எனக்கு ஒரு ப… ப…" அடுத்து என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியும், அக்காவின் ரிப்பன்கூடத் தெரியும். ஆறாவது ஏழாவது விநாடியில் குனிந்து பார்த்தால் என் விரல் பட்டன்மேல் இருக்கிறது. அழுத்தவில்லை. ஆனால் வைத்திருந்தேன். இதை அவளிடம்கூட அன்று சொல்லவில்லை, இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.

மதிப்பீட்டு நாளில் தேர்வாளர்களில் ஒருவர் கேட்டாராம்: "எல்லாம் சரி, இதில் தீர்வு எங்கே? திக்குகிறவருக்கு இதனால் என்ன பயன்? ஒரு செயலி செய்திருக்கலாமே, வார்த்தையை ஊகித்துச் சொல்கிற மாதிரி." அவள் தொலைபேசியில் இதைச் சொன்னபோது குரல் உடைந்திருந்தது. எனக்கோ உடம்பெல்லாம் கொதித்தது. அந்தச் சிவப்பு பட்டனை எடுத்து என் சட்டைப்பையில் நிரந்தரமாக வைக்கச் சொல்கிறார் அவர். பிரச்சினை என்றாலே அது வித்தியாசமாக இருப்பவனிடம்தான் இருக்கும், தீர்வையும் அவன் மேல்தான் ஒட்ட வேண்டும் என்ற நினைப்பைத்தானே அந்தப் பெண் கேள்வி கேட்கிறாள்?

வடிவமைப்பு மாணவர்களின் வேலையை லேசாக எடைபோடக் கூடாது. உலகம் முழுக்க நாம் பார்க்கும் சக்கர நாற்காலிச் சின்னத்தை 1968-இல் வரைந்தவர் சூசன் கோஃபோட் என்ற டென்மார்க் நாட்டு வடிவமைப்பு மாணவி. அவர் வரைந்ததில் நாற்காலி மட்டும்தான் இருந்தது, ஆள் இல்லை. அடுத்த வருடம் கார்ல் மோன்டான் என்பவர் உச்சியில் ஒரு வட்டம் சேர்த்தார், அது தலையாயிற்று, ஒரு மனிதர் வந்து உட்கார்ந்தார். முதலில் நாற்காலியைப் பார்க்கிறோம், ஆள் பிற்பாடுதான் கண்ணில் படுகிறார். என் விஷயத்திலும் அதேதான், முதலில் திக்கலைக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுப் பெண் செய்த தொலைபேசி அந்த வரிசையை ஒரு மூன்று நிமிடத்துக்கு மாற்றிப் போட்டது. காத்திருந்த சிலருக்கு என்னைப் பற்றி இப்போது தெரிந்ததெல்லாம் ஒரு பட்டமும், அது அறுந்து போன மத்தியானமும், அக்கா அழாமல் நின்றதும்தான்.

அவள் இதை இத்தோடு விடுவதாக இல்லை. இப்போது இருப்பது என் ஒருவன் குரல்தான், ஓர் ஆணின் குரல். அடுத்த கட்டத்துக்குப் பெண்களின் குரல் வேண்டும், வயதானவர்களின் குரல் வேண்டும், 18 வயதைத் தொட்ட இளையவர்களின் குரலும் வேண்டும். திக்கிப் பேசுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் உள்பெட்டியில் ஒரு வரி எழுதுங்கள். பெயர் வெளியே வராது. கதை எதைப் பற்றியும் இருக்கலாம், திக்குவதைப் பற்றித்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமே இல்லை. ஒலிப்பதிவுக்கு அவளே வருவாள். ஒரு வாக்கியத்துக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆனாலும் உட்கார்ந்திருப்பாள், நான் பார்த்திருக்கிறேன்.