அந்த 99.8 சதவீதம் பொதுத்தேர்தலில் வந்ததில்லை

"ஃபாக்லாந்து தீவுகளில் பிரிட்டன் ஆதரவுக் கட்சிக்கு 99.8 சதவீத ஓட்டு விழுகிறது, இதெல்லாம் ஒரு தேர்தலா?" என்று நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு வேறு விஷயங்கள் இதில் கலந்துவிட்டன.

அந்த எண் 2013 மார்ச்சில் நடந்த பொது வாக்கெடுப்பில் வந்தது. தென் அட்லாண்டிக் கடலில் இருக்கும் இந்தத் தீவுகள் பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதியாகவே நீடிக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்றவர்கள் 1,513 பேர், வேண்டாம் என்றவர்கள் 3 பேர். அதில் யாரும் எந்தப் பதவிக்கும் போட்டியிடவில்லை.

பொதுத்தேர்தல் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வருவது. அதே 2013 நவம்பரிலும் ஒன்று நடந்தது. அங்கே கட்சி அரசியலே கிடையாது. நிற்பவர்கள் எல்லாரும் சுயேச்சைகள். சட்டமன்றத்தில் மொத்தம் 8 இடம்: தலைநகர் ஸ்டான்லிக்கு 5, 'கேம்ப்' என்று அவர்கள் சொல்லும் நாட்டுப்புறத்துக்கு 3. ஸ்டான்லி வாக்காளர் ஒரே வாக்குச்சீட்டில் ஐந்து பேர் வரை தேர்ந்தெடுக்கலாம். கேம்ப் பகுதியில் பண்ணைகள் வெகுதூரம் சிதறிக் கிடப்பதால் ஓட்டுப்பெட்டியே சிறு விமானத்திலும் லேண்ட் ரோவரிலும் ஏறி அவர்களைத் தேடிப் போகிறது. ஒரு பண்ணைவீட்டு ஓட்டுக்காக இவ்வளவு மெனக்கெடுவதைப் போலித் தேர்தல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆளுநரை லண்டன் நியமிக்கிறது, பாதுகாப்பும் வெளியுறவும் பிரிட்டன் கையில் இருக்கின்றன என்று விமர்சித்தால் அது நியாயமான கேள்வி, பேசலாம். இல்லாத கட்சிக்கு 99.8 சதவீதம் என்ற வரியை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.