பில்லில் எழுத முடியாததை விற்காதீர்கள்

மார்த்தாண்டம், தக்கலை, நாகர்கோவில் பக்கம் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிற தம்பிகளுக்கும், அவர்களுக்கு சிஸ்டம் போட்டுக் கொடுக்கிற கடைக்காரர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பாகங்களைத் தனித்தனியாக வாங்கிப் பூட்டிய அசெம்பிள் பெட்டியில் ஆப்பிளின் இயங்குதளத்தை ஏற்றி "மேக் சிஸ்டம்" என்று விற்கிற பழக்கம் நம் மாவட்டத்தில் இன்னும் நிற்கவில்லை. விலை குறைவு என்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. வாங்குகிறவனிடம் அது என்ன பொருள் என்று சொல்லாமல் விற்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்தப் பெட்டிக்கு ஏன் இவ்வளவு கிராக்கி என்பது தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். காலையில் சர்ச்சில் கல்யாணம், சாயங்காலம் மண்டபத்தில் வரவேற்பு. காலையில் எடுத்ததை வரவேற்பு நடக்கும்போதே எல்இடி திரையில் ஓட்டிக் காட்டச் சொல்கிறார்கள். மாத்தூர் தொட்டிப் பாலத்திலும் முட்டம் கடற்கரையிலும் எடுத்த பாட்டு ஷாட்டுகளை முந்தின நாளே முடித்துக் கொடுக்க வேண்டும். அந்த வேகத்துக்கு ஆப்பிளின் எடிட்டிங் மென்பொருளான ஃபைனல் கட் புரோ நன்றாகக் கை கொடுக்கும். ஆனால் கம்ப்யூட்டர் என்று பார்த்தால் அது மேக்கில் மட்டும்தான் ஓடும். எடிட்டிங் ஓரளவு சுகமாக ஓடுகிற ஐமேக் என்றால் லட்சத்துக்கு மேல். சின்ன ஸ்டுடியோ வைத்திருக்கிற பையன் எங்கே போவான்? அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

அசெம்பிள் என்றாலே இளக்காரமாகப் பேசுகிறவர்களோடும் நான் சேரமாட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகள் கம்ப்யூட்டரைத் தொட்டுப் படித்ததே அசெம்பிள் பெட்டிகளால்தான். அந்தப் பெட்டிகளின் பூர்வீகம் ஒரு நகல்தான். 1981-ல் ஐபிஎம் தன் பிசியைக் கொண்டுவந்தபோது அதில் இருந்த பாகங்கள் பெரும்பாலும் கடையில் கிடைப்பவை. ஐபிஎம்முக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது பெட்டியை ஆன் செய்ததும் முதலில் ஓடுகிற பயாஸ் என்கிற சின்ன மென்பொருள். காம்பேக் என்ற கம்பெனி அதைக் காப்பியடிக்கவில்லை. ஒரு குழு அந்த பயாஸ் என்னென்ன செய்கிறது என்று பார்த்து எழுதிக் கொடுத்தது. அதன் நிரல் வரிகளைக் கண்ணால்கூடப் பார்க்காத இன்னொரு குழு, அந்தக் குறிப்பை மட்டும் வைத்துப் புதிதாக எழுதியது. மைக்ரோசாஃப்டும் அந்தப் பிசியில் ஓடிய டாஸ் என்ற இயங்குதளத்தை யாருக்கு வேண்டுமானாலும் விற்கிற உரிமையைக் கையில் வைத்திருந்தது. அப்படித்தான் உலகம் முழுக்க பிசி விலை இறங்கியது. இதில் திருட்டு எதுவும் இல்லை, உழைப்புதான்.

ஆப்பிள் பக்கம் கதை வேறு. ஆப்பிள் 2 காலத்திலேயே ஃபிராங்க்ளின் என்ற நிறுவனம் அதைப் போலவே ஒரு கம்ப்யூட்டர் செய்து, ஆப்பிளின் மென்பொருளையும் அப்படியே எடுத்துப் போட்டது. இயங்குதளத்துக்கெல்லாம் பதிப்புரிமை கிடையாது என்று வாதாடியது. 1983-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. பிறகு 1995-ல் ஆப்பிளே மனம் மாறி, பவர் கம்ப்யூட்டிங் போன்ற கம்பெனிகளுக்கு உரிமம் கொடுத்தது. அவர்கள் ஆப்பிளைவிட வேகமாகவும் மலிவாகவும் செய்து, ஆப்பிளின் வாடிக்கையாளர்களையே இழுத்துக்கொண்டார்கள். 1997-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அந்தக் கதவைச் சாத்தினார். பவர் கம்ப்யூட்டிங்கின் உரிமத்தைத் திரும்ப வாங்க ஆப்பிள் 10 கோடி டாலர் மதிப்புள்ள பங்குகளைக் கொடுத்தது.

2006-ல் மேக் பெட்டிக்குள்ளும் இன்டெல் சிப் வந்தது. அப்புறம் என்ன, நம் அசெம்பிள் பெட்டிக்கும் மேக்குக்கும் உள்ளே பெரிய வித்தியாசம் இல்லை என்று ஆகிவிட்டது. 2008 ஏப்ரலில் ஃப்ளோரிடாவில் சைஸ்டார் என்ற சின்ன கம்பெனி 399 டாலருக்கு ஒரு பெட்டியை அறிவித்தது. முதலில் வைத்த பெயர் ஓப்பன்மேக், சில நாளிலேயே ஓப்பன் கம்ப்யூட்டர் என்று மாற்றிக்கொண்டார்கள். அப்போது ஆப்பிளின் மிக மலிவான மேக் மினியே 599 டாலர். ஜூலையில் ஆப்பிள் வழக்குப் போட்டது.

இந்த வழக்கை நம் கடைக்காரர்கள் ஒருமுறையாவது தெரிந்துகொள்ள வேண்டும். சைஸ்டார் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருக்கும்: "நாங்கள் திருடவில்லை. ஆப்பிளின் லெப்பர்டு இயங்குதள டிவிடியைக் காசு கொடுத்து வாங்கி ஒவ்வொரு பெட்டியோடும் வைத்துத்தானே அனுப்புகிறோம்?" ஆனால் நடந்தது என்னவென்றால், அந்த டிவிடி பிரிக்கப்படாமலே கூடப் போனது. பெட்டிக்குள் இருந்த இயங்குதளம் ஒரே ஒரு மூலப் பிரதியிலிருந்து வரிசையாக நகல் எடுத்து ஏற்றியது. அதிலும் ஆப்பிள் வைத்திருந்த பூட்டை உடைத்து, சொந்தமாகச் சிலவற்றைச் சேர்த்து ஏற்றியது. 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் இது பதிப்புரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னார். டிசம்பரில் நிரந்தரத் தடை வந்தது. 2011-ல் மேல்முறையீட்டிலும் சைஸ்டார் தோற்றது. தொழிலும் போயிற்று.

சைஸ்டார் டிவிடியாவது வாங்கி வைத்தது. இன்று நம் கடைகளில் ஏற்றுகிற இயங்குதளத்துக்கு அதுவும் கிடையாது. 2013-க்குப் பிறகு ஆப்பிள் தன் இயங்குதளத்துக்குத் தனியாக விலை வைப்பதே இல்லை, எல்லாம் மேக் பெட்டியின் விலையிலேயே அடக்கம். மேக் வாங்காதவனுக்கு அதை நேர்வழியில் வாங்கவே முடியாது. ஆகையால் "நான் காசு கொடுத்து வாங்கினதை என் பெட்டியில் போடுகிறேன்" என்ற அந்தக் காலத்து நியாயம் இப்போது எடுபடாது.

சரி, வீட்டில் ஒரு பையன் இராத்திரி முழுக்க உட்கார்ந்து, மேக் அல்லாத பெட்டியில் மேக் இயங்குதளத்தைத் துவக்க உதவுகிற ஓப்பன்கோர் பற்றிப் படித்து, தன் பழைய பெட்டியில் மேக்கை ஏற்றிப் பார்க்கிறான். அவனை நான் திருடன் என்று சொல்லமாட்டேன். அவன் என்ன செய்கிறான் என்று அவனுக்குத் தெரியும், கெட்டால் அவன் பெட்டிதான் கெடும். அவன் அதில் கற்றுக்கொள்வது கொஞ்சநஞ்சமில்லை. விற்கிறவன் கதை அப்படி அல்ல. நம் சட்டமும் சும்மா பயன்படுத்துவதையும் தொழிலுக்குப் பயன்படுத்துவதையும் ஒரே தராசில் வைக்கவில்லை. பதிப்புரிமைச் சட்டத்தில் 1994 திருத்தத்தில் வந்த 63பி பிரிவு, திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே பயன்படுத்துகிறவருக்கு 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் சொல்கிறது. தொழிலுக்கோ லாபத்துக்கோ பயன்படுத்தவில்லை என்றால் சிறை இல்லாமல் அபராதத்தோடு விட நீதிமன்றத்துக்கு இடம் இருக்கிறது. ஸ்டுடியோக்காரன் தொழிலுக்குத்தான் பயன்படுத்துகிறான். அவன் தலைமேல் இப்படி ஒன்று தொங்குகிறது என்று பெட்டி விற்ற யாராவது அவனிடம் சொன்னார்களா?

நான் சர்வீஸ் வேலை செய்கிறவன். இந்தப் பெட்டிகள் என் மேசைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. சமீபத்தில் ஒரு தம்பி கொண்டுவந்த பெட்டியில் "இந்த மேக் பற்றி" என்று திறந்தால் ஐமேக் புரோ என்று காட்டும், போலி சீரியல் நம்பரோடு. பக்கத்து மூடியைக் கழற்றினால் கிகாபைட் போர்டும் ஆர்எக்ஸ் 580 கார்டும். கடையில் அவனிடம் சொன்னது, "மக்கா, ரெண்டும் ஒண்ணுதான், பெட்டிதான் வேற." அவன் அதை நம்பி, அப்டேட் வந்திருக்கிறது என்று திரை காட்டியதும் சாதாரணமாக அமுக்கிவிட்டான். யாராக இருந்தாலும் அமுக்கத்தான் செய்வார்கள். அதன்பிறகு பெட்டி ஆப்பிள் சின்னத்தைத் தாண்டவில்லை, கோடு பாதியில் நின்றுவிட்டது. உள்ளே ஒரு கல்யாணத்தின் முழு ஃபுட்டேஜ். கேமரா மெமரி கார்டுகளை அழித்து அடுத்த கல்யாணத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். டிஸ்க் ஆப்பிளின் ஏபிஎஃப்எஸ் முறையில் இருப்பதால் விண்டோஸில் மாட்டினால் உள்ளே இருப்பது ஒன்றும் தெரியாது.

விற்ற கடைக்குப் போன் அடித்தால், "அப்டேட் பண்ணக்கூடாதுன்னு தெரியாதா?" என்று இவனிடமே கேட்டார்களாம். "அண்ணே, படம் போச்சுன்னா அந்த அக்கா முகத்துல எப்படிண்ணே முழிப்பேன்" என்று என் முன்னால் நின்று அழுதான். கடைசியில் களியக்காவிளையில் ஒரு நண்பரிடம் இருந்த உண்மையான மேக்புக்கில் அந்த டிஸ்கை மாட்டி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். அவனுக்குப் படம் கிடைத்தது. எல்லாருக்கும் கிடைக்காது.

கடைக்காரர்களிடம் பேசினால், "கேக்காங்க, குடுக்கோம்" என்கிறார்கள். கேட்கிறவன் மேக் கேட்கிறான், ஹேக்கின்டோஷ் என்கிற இந்த அசெம்பிள் மேக்கைக் கேட்கவில்லை. பில்லில் போர்டு, ராம், கேபினட் என்று எழுதுகிறீர்கள். இயங்குதளம், ஃபைனல் கட் என்று எழுதுகிறீர்களா? அந்த ஃபைனல் கட்டும் பெரும்பாலும் கிராக் செய்ததுதான். எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று தெரிந்துதானே எழுதாமல் விடுகிறீர்கள். அந்த பயம் உங்களுக்கு இருக்கும்போது, அதே பொருளை ஒரு வார்த்தை சொல்லாமல் இருபத்திரண்டு வயசுப் பையன் கையில் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

ஆப்பிளிடமும் எனக்குக் கோபம் உண்டு. சின்ன ஊர்த் தொழிலாளி வாங்குகிற விலையில் ஒரு உருப்படியான பெட்டியைப் பல வருஷம் அவர்கள் கொடுக்கவே இல்லை. சைஸ்டாருக்கும் நம் கடைகளுக்கும் வாசல் திறந்துவிட்டது அந்த விலைதான். ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது. 2024 கடைசியில் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி ராமோடு 59,900 ரூபாய் என்று அறிவித்தார்கள். இங்கே போலி மேக் பெட்டிக்கு 60, 70 ஆயிரம் வாங்குகிறார்கள். மினியில் 256 ஜிபிதான் இருக்கும், வெளியே ஒரு எஸ்எஸ்டி வாங்கி மாட்ட வேண்டும், அதையும் சொல்லிவிடுகிறேன். மானிட்டர் ஏற்கெனவே ஸ்டுடியோவில் இருக்கும்.

இன்னொன்று, 2020 நவம்பரிலிருந்து ஆப்பிள் சொந்த சிப்புக்கு மாறிவிட்டது. மேக் இயங்குதளத்தில் 2025-ல் வந்த டாஹோதான் இன்டெல் மேக்குகளுக்குக் கடைசிப் பதிப்பு. இதற்கு அடுத்த பதிப்புகள் இந்த அசெம்பிள் பெட்டிகளில் ஏறாது. முடிந்துபோகிற ஒரு வழியில் இன்று புதிதாகக் காசு போட வைக்கிறார்கள். மேக் வாங்க வசதி இல்லை என்றால் விண்டோஸிலேயே டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பு நன்றாக ஓடுகிறது. கை பழகக் கொஞ்ச நாள் பிடிக்கும், அவ்வளவுதான்.

ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கி வேலை ஓட்டிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு: தானாக அப்டேட் ஆவதை இன்றே நிறுத்தி வையுங்கள். முடியாத கல்யாணங்களின் ஃபுட்டேஜை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்த ஒரு வெளி டிஸ்கில் தனியாக ஒரு நகல் எடுத்து வையுங்கள், அதை எந்த சிஸ்டத்திலும் திறக்கலாம். எப்படி என்று தெரியாதவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், சொல்லித் தருகிறேன். அதற்குக் காசு வாங்கமாட்டேன்.