எலிகளின் தொகையைத் தீர்மானிப்பது மழையே
பாலைவன எலிகளின் பெருக்கத்தைப் பருந்துகளும் ஆந்தைகளுமே கட்டுப்படுத்துகின்றன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்லும் கூற்றை என்னால் முழுமையாக ஏற்க முடியவில்லை. அவுஸ்திரேலியாவின் உட்புற வறள்நிலங்களில் பெருமழைக்குப் பின் புல் செழித்து நீள்மயிர் எலிகள் பெருகும்போது, இறக்கையின் அடியில் கறுப்புக் கோடுடைய, இரவில் வேட்டையாடும் அபூர்வமான ஒரு பருந்தினம் அங்கு கூட்டமாகச் சேர்ந்து அடுத்தடுத்துக் குஞ்சு பொரிக்கிறது. வறட்சி திரும்பி எலிகள் அருகியதும் அவை கரையோரம் வரை சிதறிப் பறந்து, பல பட்டினியால் மடிகின்றன. அங்கே இரையே வேட்டைப் பறவையின் தொகையை நிர்ணயிக்கிறது. அதே பேரினத்தைச் சேர்ந்த, கறுப்புத் தோளுடைய சிறிய பருந்து, யாழ்ப்பாணத்தின் எமது தென்மராட்சி வயல்களின் மேல் அந்தரத்தில் இறக்கையடித்து நின்று வரம்பெலிகளைத் தேடுவதை, பெரும்போக அறுவடையை ஒட்டிய நாட்களில்தான் நான் அதிகம் கண்டிருக்கிறேன். எலிகள் ஏற்கெனவே குறைந்துள்ள வறண்ட காலத்தில் இப்பறவைகள் அத்தொகையை மேலும் தாழ்த்தக்கூடும். அந்த அளவில் மட்டுமே கட்டுரையாளரின் கருத்து எனக்கு உடன்பாடானது.