பழைய புகைப்படம் வெறும் உத்தி அல்ல
கலைத் திருட்டை மையமாகக் கொண்டு தொடராக வெளிவரும் மென்மையான (வன்முறையை அதிகம் காட்டாத) துப்பறியும் நாவல்களில், பழைய புகைப்படம் ஒன்று கிடைத்தவுடன் வழக்கு முடிந்துவிடுவது எழுத்தாளரின் சோம்பல் என்று, அந்நாவல்களைப் பற்றிய கட்டுரை ஒன்றில் அதன் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டு, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலருக்கும் மேல் கொடுத்து வாங்கிய நடராசர் சிலை, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் என்ற ஆய்வு மையம் முன்பே எடுத்து வைத்திருந்த படங்களின் துணையால்தான் அடையாளம் காணப்பட்டு, 2014இல் நாடு திரும்பியது. இத்தகைய தொடர் ஒன்றின் பதினோரு பாகங்களைத் தருமபுரி - அரூர் பேருந்திலேயே படித்து முடித்தவன் நான். நான்காம் பாகத்துக்குப் பிறகு கொலையாளி யார் என்பதில் எனக்கு ஆர்வமே இல்லை (பெரும்பாலும் இனிக்க இனிக்கப் பேசும் கலைப்பொருள் வியாபாரிதான்), திருட்டுப் பொருளை முறையாக வாங்கியதாகக் காட்டும் போலி விற்பனைச் சீட்டில் எந்தத் தேதி பழைய படத்தோடு உதைக்கிறது என்பதற்காகவே பக்கங்களைப் புரட்டினேன். எங்கள் ஊர் ஏரிக்கரையில் வேடியப்பன் என்று வணங்கப்படும் நடுகல் ஒன்று இருக்கிறது. எண்ணெயும் மஞ்சளும் படிந்து, வீரனின் வில் மட்டுமே துலங்கும் அந்தக் கல்லைக் கடைசிப் பாகத்தை முடித்த ஞாயிற்றுக்கிழமை, பூசாரி ஐயத்துடன் பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்தில் அளவுகோலை வைத்து நான்கு புறமும் படமெடுத்து வைத்தேன்.