பெரியவர்கள் உட்கார்ந்து படிக்க இடம் எங்கே இருக்கிறது?

ஆலப்புழா மாவட்டத்துக் கார்த்தியாயனி அம்மா 2018-இல், தன் 96-வது வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் வாங்கியது நினைவிருக்கிறதா? அப்போது வந்த அவர் படத்தைப் பகிராத ஆளே கிடையாது. நானும் பகிர்ந்தேன், இன்று பார்த்தாலும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. 2023 அக்டோபரில், 101 வயதில் அவர் இறந்தபோது மறுபடியும் அதே படம் சுற்றியது, அதே வரிகளோடு: படிப்புக்கு வயதில்லை, மனசு இருந்தால் போதும்.

இந்த "மனசு இருந்தால் போதும்" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. அவருக்கு மனசு இருந்தது, சரி. கூடவே கேரள எழுத்தறிவு இயக்கத்தின் அட்சரலட்சம் என்ற திட்டம் இருந்தது, சொல்லிக் கொடுக்க ஆள் இருந்தது, போய் உட்கார்ந்து எழுத ஒரு தேர்வு மையம் இருந்தது. அதையெல்லாம் விட்டுவிட்டு அதிசயப் பாட்டியாக மட்டும் அவரைக் கொண்டாடினால், ஐம்பது வயதில் எழுதப் படிக்கத் தெரியாமல் பேங்க்கில் யாரிடம் சலான் நிரப்பக் கேட்கலாம் என்று நிற்கிற அம்மாவுக்கு மனசு இல்லை என்று சொல்வதாகத்தான் அர்த்தம். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பெண்களின் எழுத்தறிவு 73.4 சதவீதம். அதாவது நான்கில் ஒருவருக்கு மேல் எழுத்து தெரியாது. இத்தனை பேருக்கும் மனசு இல்லாமலா போய்விட்டது?

எனக்குச் சொந்த ஊர் புதுக்கோட்டைப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், வளர்ந்தவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் எங்கள் மாவட்டத்தில் என்ன செய்தது என்று அந்தக் காலத்துப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள், பலர் முதலில் சொல்வது எழுத்தைப் பற்றியே இருக்காது, சைக்கிளைப் பற்றி இருக்கும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலாராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குக் கற்றுத் தரவேண்டும் என்று முடிவு செய்தார். கல் குவாரியில் வேலை செய்தவர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள், அங்கன்வாடி ஊழியர்கள், ஆசிரியைகள் என்று ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கி ஓட்டினார்கள். 1992 மகளிர் தினத்தில் சுமார் 1,500 பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்துக்குள் வந்தார்கள்.

என் சித்தியும் அந்த அலையில் கற்றுக்கொண்டவர்தான். அப்போது அவருக்கு முப்பதைத் தாண்டியிருந்தது, இரண்டு பிள்ளைகள். வாடகை சைக்கிளை எடுத்து, முதலில் குரங்குப் பெடல், அப்புறம் சீட்டில் ஏறி, விழுந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, சேலையைச் செருகிக்கொண்டு மறுபடி ஏறி. பள்ளிக்கூடத்து மைதானத்தில் சாயங்காலம் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகக் கற்றுக்கொண்டதால்தான் தனக்குத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் சொல்வார். தனியாகக் கற்றிருந்தால் ஊர் கேலி பேசியே இறக்கிவிட்டிருக்கும். எல்லாரும் சேர்ந்து விழும்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது? அதற்குப் பிறகு தண்ணீர்க் குடத்தைக் கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார், காய்கறியைச் சந்தைக்குக் கொண்டுபோனார், பஸ்ஸுக்கும் சித்தப்பாவுக்கும் காத்திருப்பது நின்றது.

வளர்ந்தவர்கள் கற்றுக்கொள்வதற்குப் பெரிய தடை மூளை அல்ல, வெட்கம். தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்லவேண்டிய வெட்கம். அறிவொளி அந்த வெட்கத்தை உடைத்தது. ஆனால் இயக்கத்தின் வேகம் குறைந்த பிறகு, கற்ற எழுத்தைப் பயன்படுத்த வழியில்லாமல் மறந்துபோனவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். சைக்கிளை யாரும் மறக்கவில்லை, தினமும் தேவைப்பட்டது. எழுத்தைத் தினமும் தேவைப்படுகிற ஒன்றாக நாம் ஆக்கிக் கொடுக்கவில்லை.

எழுத்துத் தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைக்காதீர்கள். எங்கள் தெரு முனையில் டூவீலர் மெக்கானிக் அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஐம்பதை நெருங்குகிறார். வண்டியை ஸ்டார்ட் செய்து சத்தத்தைக் கேட்டே, பெட்ரோலையும் காற்றையும் கலக்கிற காபரேட்டரில் ஸ்க்ரூவை எவ்வளவு திருகவேண்டும் என்று சொல்கிற கை அவருடையது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பிஎஸ்-6 என்ற புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தது. புது வண்டிகளில் பெரும்பாலும் காபரேட்டர் போய், அந்த வேலையைச் சென்சாரும் கம்ப்யூட்டரும் வைத்துச் செய்கிற ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. இனி காது போதாது. மீட்டரில் மஞ்சள் லைட் எரிந்தால் ஸ்கேனரைச் செருகி எர்ரர் கோடு பார்க்கவேண்டும், அது எந்த சென்சாரைச் சொல்கிறது என்று தெரியவேண்டும், வயரிங்கை மல்டிமீட்டர் வைத்துத் தேடவேண்டும். அவர் படித்தது எட்டாவது. ஷோரூம் சர்வீஸில் வேலை பார்க்கும் ஒரு பையனை ஞாயிற்றுக்கிழமை கடைக்கு வரச்சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து, கேட்டுக் கேட்டுக் கற்றுக்கொண்டார். யூடியூபில் தமிழில் சொல்லித்தருகிற மெக்கானிக்குகளின் வீடியோக்களை ராத்திரியில் பார்த்தார். எர்ரர் கோடுகளை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், பக்கத்தில் தமிழில் குறிப்பு. "சின்னப் பையன்கிட்ட கேக்க மொதல்ல ஒரு மாதிரி இருந்துச்சு தம்பி, அப்புறம் கடையை மூடுறதுக்கு இது தேவலைன்னு தோணுச்சு" என்றார். இப்போது பேட்டரி வண்டிகள் வருகின்றன, அதற்கும் யாரிடம் கேட்கலாம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.

அவருடைய உழைப்பைப் பார்த்து எனக்கு மரியாதை வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. இந்த மாற்றம் வரப்போகிறது என்று வண்டிக் கம்பெனிகளுக்குப் பல வருடம் முன்பே தெரியும், அரசுக்கும் தெரியும். ரோட்டோர மெக்கானிக்குக்காக ஒரு மாலை வகுப்பு எங்கள் பக்கத்தில் என் கண்ணில் படவே இல்லை. கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்களுக்கு எத்தனையோ வழி இருக்கிறது. ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் என்பிடெல் என்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, சென்னை ஐஐடி 2020-இல் தொடங்கிய இணையவழிப் படிப்பில் வயது வரம்பே இல்லை. நல்லதுதான். ஆனால் ஏற்கெனவே படித்தவர்களுக்கே மேலும் மேலும் படிக்க வழி திறக்கிறது.

சிங்கப்பூரில் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற திட்டத்தில் 25 வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களுக்குப் பயிற்சி வகுப்பில் செலவழிக்க 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கணக்கில் வைத்தார்கள். 2024-இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு இன்னும் 4,000 வெள்ளி கொடுத்தார்கள். நம்மிடம் அவ்வளவு பணம் இல்லை என்பீர்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நடுவயதில் ஒருவர் மறுபடி படிக்கவேண்டி வரும், அதற்கு யாராவது செலவு செய்யவேண்டும் என்ற நினைப்புக்குப் பணம் தேவையில்லையே.

வீட்டுக்குள்ளேயும் இதே கதைதான். அப்பா போனை நீட்டி "இதுல பணம் எப்படிப்பா அனுப்புறது" என்று கேட்டால் நாம் என்ன செய்கிறோம்? "குடுங்க, நானே போட்டு விடுறேன்" என்று பிடுங்கிக்கொள்கிறோம். அவர் கேட்டது எப்படி என்று. செய்து முடிக்க ஒரு நிமிடம், சொல்லிக் கொடுக்கப் பதினைந்து நிமிடம், அதுவும் நாலு தடவை. அந்தப் பொறுமை வீட்டில் கிடைக்காத பெரியவர்கள்தான் ஏடிஎம் வாசலில் முன்பின் தெரியாத ஆளிடம் கார்டையும் பின் நம்பரையும் கொடுக்கிறார்கள். பென்ஷன்காரர்கள் நவம்பரில் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை இப்போது போனில் முகத்தைக் காட்டியே வீட்டிலிருந்து கொடுக்கலாம். கற்றுக்கொடுக்க ஆள் இல்லாததால் எண்பது வயதில் ஆட்டோ பிடித்து அலைகிறவர்கள் எத்தனை பேர்!

இடத்துக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்த மாநிலம் இது, சொத்து வரியோடு சேர்த்து நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பல கிளை நூலகங்களில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் பகல் முழுக்க இருக்கிறார்கள், அவர்கள் படிக்கட்டும். வாரத்தில் இரண்டு சாயங்காலம், இரண்டு பெஞ்சை நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்கென்று ஒதுக்கினால் போதும். ஒருநாள் எழுத்து, ஒருநாள் போன். அதே பிள்ளைகளில் இரண்டு பேர் சொல்லிக் கொடுக்கலாம். பெரியவர்களுக்காக மத்திய அரசு 2022-இல் தொடங்கிய புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் 2027 வரைக்கும் இருக்கிறது. அதில் சேர 15 வயது என்ற கீழ்வரம்பு உண்டு, மேல்வரம்பு இல்லை. பணக் கணக்குப் பார்ப்பது, டிஜிட்டல் பழகுவது எல்லாம் அதிலேயே சேர்த்தி. உங்கள் ஊரில் அது எந்தப் பள்ளியில், எத்தனை மணிக்கு நடக்கிறது என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

எங்கள் கிளை நூலகத்தில் சாயங்கால பெஞ்சுக்காக நாங்கள் சிலர் எழுதிக் கொடுத்திருக்கிறோம், மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்வதாக நூலகர் சொன்னார். அனுமதி வந்தால் சொல்லித்தர ஆள் வேண்டும். புதுக்கோட்டைப் பக்கம் இருக்கிறவர்கள், வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், கமெண்டில் ஒரு வார்த்தை போடுங்கள்.