பாதி மீசை

(அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸ் நகரில் கபாஷித்தோ பகுதி. ராக் பாடகர் சார்லி கார்சியா 1951இல் பிறந்த பேட்டை. அதனாலேயே இங்கே சலூன்காரருக்கும் ராக் இசையில் ஓர் அபிப்பிராயம் உண்டு. மீசை இப்போதுதான் கனத்திருக்கும் பையன் ஒருவன் வந்து நாற்காலியில் உட்காருகிறான்.)

சலூன்காரர்: கட்டிங்கா, ஷேவிங்கா?

பையன்: மீசை, ஐயா. பாதியை மட்டும் வெள்ளையாக்க வேண்டும்.

சலூன்காரர்: எதற்குக் காசு செலவு? கொஞ்சம் பொறுத்தால் தானாகவே ஆகும்.

பையன்: நாளைக்கு ராத்திரி கச்சேரி, ஐயா. முழுக்க சார்லி பாட்டு. மீசை இல்லாமல் எப்படி?

சலூன்காரர்: அவருக்கு அது சாயம் இல்லை, தம்பி. வெண்புள்ளி. மீசையில் ஒரு பக்கம் வெளுத்துப்போய், அதுவே அடையாளமாகிவிட்டது.

பையன்: எனக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்லையே.

சலூன்காரர்: வெண்புள்ளியை அதிர்ஷ்டம் என்கிற ஆளை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். சரி, என்ன வாசிப்பாய்?

பையன்: கீபோர்டு. இந்தக் கோடையில்தான் ஆரம்பித்தேன்.

சலூன்காரர்: அவர் 12 வயதிலேயே பியானோ சொல்லிக்கொடுக்கும் பட்டம் வாங்கியவர். அம்மா வானொலியில் நாட்டுப்பாடல் நிகழ்ச்சி தயாரித்தவர், வீட்டுக்கு வித்துவான்கள் வந்துபோவார்களாம். ஒரு பெரிய கிதார் வித்துவானிடமே போய், "உங்கள் கம்பி ஒன்று சுருதி சேரவில்லை" என்று சொன்ன பிள்ளை அது. காதில் விழுகிற எந்தச் சத்தத்துக்கும் சுரம் சொல்லுவாராம். எங்கே, இந்த மெஷின் ஓடுகிறதே, இது என்ன சுரம்?

பையன்: (காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு) சார்ஜ் தீரப்போகிற சுரம்.

சலூன்காரர்: தேறிவிடுவாய். எந்தப் பக்கம் வெள்ளை?

பையன்: (கைப்பேசியைக் காட்டி) இதோ, படத்தில் இருக்கிற பக்கம்.

சலூன்காரர்: படத்தில் அவர் நம்மைப் பார்க்கிறார். நீ கண்ணாடியைப் பார்க்கிறாய். நான் உன் முதுகுக்குப் பின்னால் நிற்கிறேன். இடது, வலது எல்லாம் ஆளுக்கு ஒரு பக்கம் போய்விட்டதே!

பையன்: இரண்டில் ஒன்று போடுங்கள். மேடையில் வெளிச்சம் குறைவுதான்.

சலூன்காரர்: குறைவான வெளிச்சத்தை நம்பி எவனும் சார்லி ஆனதில்லை. பட்டாளத்திலிருந்து அவர் எப்படி வெளியே வந்தார், தெரியுமா?

பையன்: பைத்தியம் மாதிரி நடித்தார்.

சலூன்காரர்: நடிப்பா அது? ஒரு பிணத்தைச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, அதிகாரிகள் மன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார்! அவரே சொன்ன கதை. ராணுவம் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. அங்கே இருந்தபோது சாவைப் பற்றி ஒரு பாட்டு எழுதினார் பார், 1972இல் அவருடைய சுயி ஜெனரிஸ் குழுவின் முதல் ஆல்பத்தில் வந்தது, அதுதான் ஹிட். இருபது வயதுப் பையன் சாவைப் பாட, ஊரிலிருக்கிற பெண் பிள்ளைகள் எல்லாம் கூடவே பாடினார்கள்.

பையன்: நீங்கள் அப்போது கேட்டிருக்கிறீர்களா?

சலூன்காரர்: கேட்டேனாவது! 1975இல் குழுவைக் கலைக்கிறோம் என்று லூனா பார்க் அரங்கில் பிரியாவிடைக் கச்சேரி. கூட்டம் தாங்காமல் ஒரே ராத்திரியில் இரண்டு காட்சி. இரண்டாவதில் நான் இருந்தேன். பிரிந்து போகிறவர்களுக்கு அவ்வளவு கூட்டம். சேர்ந்து வாழப்போகிறோம் என்று நான் கல்யாணம் செய்தபோது பாதி நாற்காலி காலி.

பையன்: அப்புறம் ராணுவ ஆட்சி வந்துவிட்டது.

சலூன்காரர்: வந்தது. அப்போது செரு ஹிரான் என்று வேறு குழு. வாயைத் திறந்து எதுவும் சொல்ல முடியாத காலம். இவர் 1980இல், ஆலிஸ் என்ற சிறுமி அற்புத உலகத்துக்குப் போகிறாளே, அந்தக் கதையை எடுத்து ஒரு பாட்டுக் கட்டினார். மேலோட்டமாகக் கேட்டால் குழந்தைக் கதை. அதில் வருகிற ராஜாவும் பிராணிகளும் யார் யார் என்று எங்களுக்குத் தெரியும்.

பையன்: எங்கள் பட்டியலில் அந்தப் பாட்டு இல்லை, ஐயா. சுரக்கூட்டு எல்லாம் கஷ்டம்.

சலூன்காரர்: தெரியும். சுலபமாக இருந்தால் ராஜாவே வாசித்திருப்பான்.

(சாயக் கிண்ணத்தைக் கலக்குகிறார். மூக்கைத் துளைக்கும் நெடி.)

சலூன்காரர்: 1982இல் மால்வினாஸ் போர், ஃபாக்லாந்து தீவுகளுக்காக இங்கிலாந்தோடு. வானொலியில் இங்கிலீஷ் பாட்டு போடக் கூடாது என்றார்கள். அதுவரை நம் ராக் பாடகர்களைத் திரும்பிப் பார்க்காத நிலையங்கள், அவர்கள் ரெக்கார்டுகளைத் தேடித் தேடி ஒலிபரப்பின. சண்டை போட்டது தளபதிகள், சந்தை கிடைத்தது கிதார்காரர்களுக்கு. அந்த டிசம்பரில், இதோ நம்ம ஃபெர்ரோ மைதானத்தில், "பியூனஸ் அயர்ஸ் மேல் குண்டு போடாதீர்கள்" என்று பாடினார். பாடிவிட்டு என்ன செய்தார்?

பையன்: மேடையில் அட்டை நகரம் ஒன்றைக் கட்டி, அதன் மேல் குண்டு விழுந்து சிதறுகிற மாதிரி காட்டினார்.

சலூன்காரர்: பரவாயில்லையே!

பையன்: அடுத்த வருஷம் நியூயார்க்கில் போய் 'கிளிக்ஸ் மோதெர்னோஸ்' ஆல்பம். அட்டைப்படம் எடுத்த தெருமுனைக்கு 2023இல் அவர் பேரையே வைத்துவிட்டார்கள்.

சலூன்காரர்: அந்த ஆல்பத்திலிருந்து எத்தனை பாட்டு பாடுகிறாய்?

பையன்: (தயங்கி) ஒன்று. ஆனால் வேறொரு அயிட்டம் வைத்திருக்கிறோம். கிளப்பில் நீச்சல் குளம் இருக்கிறது.

(சலூன்காரர் கையிலிருந்த பிரஷ் நிற்கிறது.)

சலூன்காரர்: வேண்டாம்.

பையன்: நீங்களே சொன்னீர்கள், வெளிச்சத்தை நம்பக் கூடாது என்று.

சலூன்காரர்: டேய், அது 2000 மார்ச் 3. மென்டோசாவில் ஓட்டல். ஒன்பதாவது மாடி. கீழே கேமராக்காரர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மனுஷன் ஜன்னலிலிருந்து குதித்தார். நேராகக் குளத்தில். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் தரை. மேலே வந்து சாவகாசமாக நீந்தினார்.

பையன்: அதையே பாட்டாகவும் போட்டார்!

சலூன்காரர்: அவர் எதைத்தான் பாட்டாகப் போடவில்லை! உன் குளம் எவ்வளவு ஆழம்?

பையன்: இடுப்பு வரைக்கும்.

சலூன்காரர்: யார் இடுப்பு?

பையன்: ...குழந்தைகள் குளம், ஐயா.

சலூன்காரர்: எந்த மாடியிலிருந்து?

பையன்: மாடி இல்லை. பிளாஸ்டிக் நாற்காலி மேலிருந்து.

சலூன்காரர்: கடவுளே! அந்தக் குதியலை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எட்டு வருஷம் கழித்து அதே மென்டோசாவில் உடைந்துபோய் ஆஸ்பத்திரியில் கிடந்ததை எவன் காப்பியடிக்கிறான்? அப்போது அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்ப் பார்த்துக்கொண்டது யார்? பலித்தோ ஒர்தேகா. எங்கள் காலத்தில் ராக் பிள்ளைகளுக்கு அவர் பேரைச் சொன்னாலே முகம் கோணும், ஜிகினா பாட்டுக்காரர் என்று. அந்த மனுஷன்தான் சோறு போட்டுத் தேற்றினார். 2009இல் 58ஆவது பிறந்தநாளுக்கு வேலெஸ் மைதானத்தில் சார்லி திரும்பி வந்தார். கொட்டு கொட்டென்று மழை. ஒருத்தனும் எழுந்து போகவில்லை. எனக்கு ஜுரம்தான். வீட்டுக்காரி இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.

பையன்: சரி, குதிக்கவில்லை.

சலூன்காரர்: நாற்காலியைக் காப்பாற்றினாய். (ஒரு பக்க மீசையில் சாயம் பூசுகிறார்.) இனி வாயைத் திறக்காதே. திறந்தால் நாக்கும் வெளுக்கும். நாளைக்கு எந்தப் பாட்டில் தொடங்குகிறீர்கள்?

பையன்: ம்ம்... ம்ம்ம்... (முணுமுணுத்துக் காட்டுகிறான்.)

சலூன்காரர்: இது... தேசிய கீதம் ஆயிற்றே! அவர் 1990இல் போட்டாரே, ராக் கீதம். கீதத்தை அவமதித்தார் என்று வழக்கே போட்டார்கள். நானும் அப்போது திட்டினேன். இப்போது கேட்டால் தொண்டை அடைக்கிறது. (பிரஷை வைத்துவிட்டு விறைப்பாக நிற்கிறார்.) என்ன உட்கார்ந்திருக்கிறாய்? எழுந்திரு!

பையன்: ம்ம்! (சாயத்தைக் காட்டுகிறான்.)

சலூன்காரர்: எந்த மெட்டாக இருந்தால் என்ன, கீதம் கீதம்தான். தலையை நிமிர்த்து. நடுவில் நிறுத்தாதே.

(பையன் எழுந்து, நிமிர்ந்து, முணுமுணுத்துக்கொண்டே நிற்கிறான். அர்ஜென்டினா கீதத்தின் முன்னிசை நீளம் ஊரறிந்தது. அது முடிவதற்குள் சாயம் மெல்ல வழிந்து மறுபக்க மீசையை எட்டுகிறது.)

பையன்: ம்ம்ம்! ம்ம்ம்!

சலூன்காரர்: (அசையாமல்) பார்த்துவிட்டேன், தம்பி. எழுபது வயது சார்லி என்று சொல்லிக்கொள்.