கனடா பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) தானாகப் போய்விடுமா?

ஐந்து ஆண்டுகளில் குறைந்தது 730 நாட்களாவது கனடாவில் தங்கியிராதவர் வெளிநாடு போனால், அவருடைய நிரந்தர வதிவிட உரிமை தானாகவே ரத்தாகிவிடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படியில்லை, ஐயா. நாட்கள் குறைந்தாலும், பிஆர் அட்டை காலாவதியானாலும் (பலர் குழம்புவது இங்கேதான்) உரிமை அந்தக் கணமே போவதில்லை. அதிகாரி முடிவெடுக்க வேண்டும். அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். முடிவு இறுதியாகும் வரை அவர் நிரந்தர வதிவாளர்தான். பயணத்தில் ஆபத்து இல்லை என்று சொல்லவில்லை. திரும்பும்போது விசாரணை வரலாம்.

சந்தேகமிருந்தால் கனடா நீதித்துறை அமைச்சின் இணையதளத்தில் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 28ஆம் பிரிவில் நாட்கணக்கு, 46ஆம் பிரிவில் உரிமை எப்போது முடிகிறது என்ற பட்டியல். நாட்கள் குறைந்தாலே உரிமை ‘தானாக’ப் போகும் என்று அந்தப் பட்டியலில் இல்லை.